டோர்ச் லைட் நட்டமாக நிற்க வேண்டுமா?

ஐப்பசி பிறந்து மழை இறங்கத் தொடங்கியதும் மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று என்று எந்தப் பஜாருக்குப் போனாலும் கடை முகப்பில் டோர்ச் லைட் குவிந்துவிடும். வாங்க வருகிறவர் எல்லோரும் இரண்டு கேள்விதான் கேட்பார்கள். எவ்வளவு தூரம் அடிக்கும், சார்ஜ் எத்தனை மணி நேரம் நிற்கும். மேசையில் நட்டமாக, அதாவது செங்குத்தாக, வைத்தால் நிற்குமா என்று யாரும் கேட்பதில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கரண்ட் போன முதல் இரவில் மேசையில் வைத்துப் பார்த்தால் பின்பக்கச் சுவிச் புடைத்துக்கொண்டிருக்கும், டோர்ச் சரிந்து உருண்டு கீழே விழும். உடனே "இது பிழையான சாமான்" என்று முடிவு கட்டுவார்கள்.

அது பிழையான சாமான் அல்ல, வேறு வேலைக்குச் செய்த சாமான். ஆனால் வீட்டுக்கு வாங்குகிற டோர்ச் நிற்கத்தான் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

டோர்ச் எப்போது விளக்காகிறது

டோர்ச் என்பது கையில் பிடித்து ஒரு திசைக்கு ஒளி அடிக்கும் கருவி. விளக்கு என்பது ஓரிடத்தில் வைத்துச் சுற்றிலும் வெளிச்சம் தரும் கருவி. முன்பெல்லாம் இரண்டும் வீட்டில் தனித்தனியாக இருந்தன. ஒழுங்கையில் நடக்க டோர்ச், குசினியிலும் விறாந்தையிலும் அரிக்கன் லாம்பு அல்லது குப்பி விளக்கு. 1978 நவம்பர் 23 அன்று மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியபோது வீட்டு வெளிச்சம் என்றால் பெரும்பாலும் மண்ணெண்ணெய் வெளிச்சம்தான்.

இன்றைக்கு நிறைய வீடுகளில் லாம்பு இல்லை, இருந்தாலும் எண்ணெய் இல்லை. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு அமலானபோதும், 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது என்று அரசு அறிவித்தபோதும் மக்கள் முதலில் தேடியது டோர்ச்சையும் போனையும்தான். லாம்பு செய்த வேலையையும் டோர்ச்சே செய்ய வேண்டிய நிலை வந்துவிட்டது.

கரண்ட் போன குசினியை நினைத்துப் பாருங்கள். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு கை மீனில், ஒரு கை கத்தியில். டோர்ச்சைப் பிள்ளையிடம் கொடுத்திருக்கிறார். பிள்ளையின் பார்வை எங்கே போகிறதோ வெளிச்சமும் அங்கே போகும், சுவருக்கு, பூனைக்கு, கூரைக்கு. "மனே, சட்டிக்குள்ள அடி, எங்க பாக்கிறாய்?" என்று இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சத்தம் கேட்கும். அந்த டோர்ச் மேசையில் தானாக நின்றிருந்தால் பிள்ளையும் தேவையில்லை, விரல் வெட்டுப்படும் பயமும் இல்லை. நட்டமாக நிற்பது என்று நாம் பேசுவது இதைத்தான். பின்பக்கம் தரையில் பட, கண்ணாடி மேலே பார்க்க, யாரும் பிடிக்காமல் டோர்ச் நிற்க வேண்டும்.

ஏன் சில டோர்ச் நிற்பதில்லை

1. சுவிச்சின் இடம். சுவிச் பக்கவாட்டில் இருந்தால் பின்பக்கம் தட்டையாக விடலாம், நிற்கும். பின்பக்க நடுவில் றப்பர் பொத்தான் இருந்தால் இரண்டு வழி உண்டு. பொத்தானைச் சுற்றி அதைவிட உயரமாக ஓர் உலோக வரம்பு வைத்தால் நிற்கும். பொத்தான் வரம்பைத் தாண்டி வெளியே புடைத்திருந்தால் நிற்காது.

2. சுவிச்சின் வகை. சில சுவிச் பாதி அழுத்தினாலே எரியும், விரலை எடுத்தால் அணையும், "டக்" என்று முழுதாக அழுத்தினால் எரிந்தபடி நிலைக்கும். அவசரத்தில் ஒரு கணம் ஒளி காட்டி நிறுத்துவதற்கு இது அருமையான வசதி. ஆனால் விரல் உள்ளே போக வேண்டிய தூரம் அதிகம் என்பதால் பொத்தானை வெளியே நீட்டி விடுவார்கள். மற்ற வகையில் முழுதாக அழுத்தி விரலை எடுத்த பிறகுதான் எரியும். அந்தப் பொத்தானைப் பெரும்பாலும் வரம்புக்குள் அடங்கும்படி செய்துவிடலாம்.

3. கயிறு கட்டும் ஓட்டை. பின்பக்க நடுவில் வளையம் வைத்தால் டோர்ச் அந்த வளையத்தின் மேல் ஆடும். பழைய தகர டோர்ச்சில் ஆணியில் தொங்கவிடப் பின்மூடியில் ஒரு மடக்கு வளையம் இருக்கும். மூடியும் சற்றுக் குவிந்திருக்கும். அதனால்தான் அதைப் பெரும்பாலும் தலைகீழாக, அகன்ற கண்ணாடிப் பக்கம் தரையில் பட வைத்தார்கள். அணைந்த டோர்ச்சை அப்படி வைப்பதில் தவறில்லை, எரிகிற டோர்ச்சை அப்படி வைக்கவே கூடாது. அது ஏன் என்று பின்னால் வருகிறது.

புடைத்த பொத்தான் கவனக்குறைவால் வந்ததல்ல என்பது இதிலிருந்து விளங்கும். ஈரக்கையால், இருட்டில், பார்க்காமலே அழுத்த அதுதான் வசதி. அதன் விலையாக டோர்ச் நிற்கும் திறனை இழக்கிறது. பைக்குள் கிடக்கும்போது எதிலாவது அழுந்தித் தானாக எரிந்து சார்ஜ் தீர்ந்துபோகும் வாய்ப்பும் அதில் கூடுதல்.

மேலே அடித்த ஒளி கீழே வருவது எப்படி

டோர்ச் நிற்பதால் மட்டும் வெளிச்சம் வந்துவிடாது. மேலே போன ஒளி கூரையில் பட்டுச் சிதறிக் கீழே திரும்பினால்தான் அறை தெரியும். எங்கள் வீடுகளின் கூரை எப்படிப்பட்டது என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. டோர்ச் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை.

இரண்டு சொற்களை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். லூமன் என்பது டோர்ச்சிலிருந்து வெளிவரும் மொத்த ஒளியின் அளவு. லக்ஸ் என்பது ஓரிடத்தில் வந்து விழும் ஒளியின் அளவு, அதாவது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை லூமன் என்பது. ஒரு மெழுகுதிரி மொத்தம் 12 லூமன் அளவில் தரும். அதிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் பொருளில் விழுவது ஏறக்குறைய ஒரு லக்ஸ்.

இப்போது ஒரு கணக்கு. பத்துக்குப் பத்து அடி அறை, உயரமும் பத்து அடி, மேலே வெள்ளை அடித்த சீலிங். 300 லூமன் டோர்ச்சை நடுவில் நிறுத்துகிறோம். புது வெள்ளைப் பெயின்ட் தன்மேல் படும் ஒளியில் ஏறக்குறைய 80 வீதத்தைத் திருப்பி அனுப்பும், ஆக 240 லூமன். அது தரைக்கும் நான்கு சுவருக்கும் பிரிய வேண்டும். மொத்தப் பரப்பு 46 சதுர மீட்டர் அளவில் வரும். பிரித்துப் பார்த்தால் 5 லக்ஸ் சொச்சம், சுவரும் வெள்ளையாக இருந்தால் அதுவும் திருப்பி எறிவதால் இன்னும் கூடும். குறைவாகத் தெரிகிறதா? நடுவானத்துப் பௌர்ணமி நிலவே தரையில் கால் லக்ஸ் அளவில்தான் தரும். அதைவிட இருபது மடங்கு இது. சோறு போடலாம், மீன் முள் பார்த்து எடுக்கலாம், எதிரே இருப்பவர் முகம் தெளிவாகத் தெரியும். பாடப் புத்தகம் வாசிக்க மட்டும் போதாது.

இந்தக் கணக்கு முழுவதும் அந்த வெள்ளைச் சீலிங்கை நம்பி நிற்கிறது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கமும் சரி, அம்பாறைக் கரையோரமும் சரி, நிறைய வீடுகளில் சீலிங் அடிப்பதில்லை. நேரே ஓடு, அல்லது அஸ்பெஸ்டஸ் சீட், அல்லது தகரம்.

ஓட்டுக் கூரை ஒளியை விழுங்கிவிடும். ஓட்டின் நிறம் கடும் சிவப்பு, பாசி பிடித்தால் கறுப்பு, போதாததற்கு முகட்டுக்குப் போக உயரமும் கூடுதல். கிடுகுக் கூரை இன்னும் மோசம். சாம்பல் நிற அஸ்பெஸ்டஸ் சீட் புதிதாக இருக்கும்வரை பரவாயில்லை, விறகு அடுப்புப் புகை படிந்த குசினியில் அதுவும் கறுத்திருக்கும். புதுத் தகரம் பளபளக்கும், ஆனால் கண்ணாடி மாதிரி ஒளியைப் பட்டை பட்டையாக எறியும், சீராகச் சிதறாது.

அப்படியானால் நட்டமாக நிற்கும் டோர்ச் எங்களுக்குப் பயனில்லையா? இருக்கிறது, கூரையின் வேலையை வேறொரு வெள்ளைப் பரப்பிடம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். வெள்ளை வேட்டி அல்லது சீலைத்துண்டை ஆறேழு அடி உயரத்தில் நான்கு மூலையும் கயிற்றில் இழுத்துக் கட்டி, அதன் கீழ் டோர்ச்சை நிறுத்தினால் ஓட்டு வீட்டிலும் வெளிச்சம் இறங்கும். அதுவும் முடியாவிட்டால் வெள்ளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தரையில் நிறுத்துங்கள். ஒளி சுவரோடு ஏறி அறைக்குள் திரும்பும். இன்னொரு வழி, கண்ணாடியின் மேல் பால் வெள்ளையான ஐஸ்கிறீம் கோப்பையைக் கவிழ்ப்பது. அப்போது டோர்ச்சின் தலையே குமிழ் மாதிரி ஒளிரும், கூரையே தேவையில்லை. இந்த மூன்று வழிக்கும் டோர்ச் தானாக நிற்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள்.

நிற்பது வேறு, விழாமல் நிற்பது வேறு

தட்டையான பின்பக்கம் இருந்தும் சில டோர்ச் தொட்டால் சரியும். காரணம் சின்னக் கணக்குத்தான். பொருளின் பாரம் ஒரு புள்ளியில் குவிந்திருப்பதாக வைத்துக்கொண்டால், சரியும்போது அந்தப் புள்ளி அடியின் விளிம்பைத் தாண்டியதும் பொருள் விழும். அடி அகலமாகவும் பாரப்புள்ளி தாழ்ந்தும் இருந்தால் உறுதி.

15 செ.மீ. நீளமான, தலை பெருத்த டோர்ச், அடி 2.5 செ.மீ. அகலம், பாரப்புள்ளி 8.5 செ.மீ. உயரத்தில் என்று வையுங்கள். 8 பாகை சொச்சம் சரிந்தாலே விழும். 10 செ.மீ. நீளமான கட்டை டோர்ச், அடி 2.4 செ.மீ., பாரப்புள்ளி 5.5 செ.மீ. என்றால் 12 பாகை வரை தாங்கும். கடையிலேயே இதைச் சோதிக்கலாம். ஓர் அடி நீளப் பலகையில் டோர்ச்சை நிறுத்தி ஒரு நுனியை மெல்ல உயர்த்துங்கள். முதலாவது 4 செ.மீ. தாண்டியதும் விழும், இரண்டாவது 6 செ.மீ. வரை நிற்கும். மேசையில் யாராவது கை ஊன்றும்போது விழுவதா நிற்பதா என்பதை இந்த இரண்டு செ.மீ. தீர்மானிக்கும். தூரம் அடிக்கும் டோர்ச்சுக்குத் தலை பெரிதாக இருக்க வேண்டும் என்பதால் அது இதில் பின்தங்கும்.

வெளிச்சம் தரும் சாமான் கவிழக்கூடாது என்பதை இந்த நாடு மிகவும் வலியோடு கற்றிருக்கிறது. வெறும் போத்தலில் திரி போட்ட குப்பி விளக்கு கவிழ்ந்து எண்ணெய் கொட்டித் தீப்பிடித்து எத்தனையோ பெண்களும் பிள்ளைகளும் எரிகாயப்பட்டார்கள். அப்படி வந்தவர்களுக்குச் சிகிச்சை செய்த அறுவைச் சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர 1990 களின் தொடக்கத்தில் ஒரு பாதுகாப்பான போத்தல் விளக்கை வடிவமைத்தார். குட்டையான, கனமான கண்ணாடி, திருகு மூடி, இரண்டு பக்கம் தட்டை. கவிழ்ந்தாலும் உருளாது, எண்ணெய் கொட்டாது. 1998 இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அந்தக் குட்டைக் கண்ணாடியில் இருக்கும் அறிவு டோர்ச்சுக்கும் பொருந்தும். டோர்ச் விழுந்தால் தீ வராது என்பது பெரிய நிம்மதி, ஆனால் உருளாமல் இருக்க உடலில் ஒரு தட்டைப் பக்கமோ அறுகோண வளையமோ இருப்பது நல்லது. வெள்ளத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறி நிற்கும் இரவில் மேசையிலிருந்து உருளும் டோர்ச் எங்கே போய் விழும் என்று சொல்லத் தேவையில்லை.

நிற்கத் தேவையில்லாத வேலைகள்

வயல் காவலுக்குப் போகிறவருக்கு நிற்கும் டோர்ச் பெரிதாக உதவாது. வெல்லாவெளி, வவுணதீவுப் பக்கம் பரணில் இருக்கும் ஒருவருக்கு வேண்டியது இருட்டில் விரல் பட்டதும் எரிந்து, வரம்பு தாண்டித் தூரத்தில் யானை நிற்கிறதா என்று காட்டும் டோர்ச். புடைத்த பொத்தானும் பெரிய தலையும் அங்கே சரி. வாவியில் தோணியில் போகிறவருக்கும் அப்படித்தான், ஆடும் தோணியில் எந்த டோர்ச்சும் நிற்கப் போவதில்லை. இரு கையும் வலையில் இருக்கும்போது நெற்றியில் கட்டும் லைட்தான் உதவும். உள்வாங்கிய சுவிச் உள்ள டோர்ச்சில் வரம்புக்கும் பொத்தானுக்கும் நடுவே மணலும் சேறும் இறுகிவிடுவதும் உண்டு.

சிலவற்றின் பின்பக்கத்தில் காந்தம் இருக்கும். தகரக் கதவு, இரும்பு ஜன்னல் கம்பி, மோட்டார் சைக்கிள் டாங்கி எதிலும் ஒட்டும், கூரைத் தகரம் உள்ளே இரும்பு என்பதால் அதிலும் தலைகீழாக ஒட்டி மேலிருந்து வெளிச்சம் தரும். அஸ்பெஸ்டஸிலும் அலுமினியத்திலும் ஒட்டாது. வங்கி அட்டையை மட்டும் அதன் பக்கம் வைக்காதீர்கள்.

பக்கவாட்டில் நீளமாக இன்னொரு லைட் வைத்த பிளாஸ்டிக் சார்ஜ் டோர்ச் கடைகளில் நிறையக் கிடைக்கிறது. படுத்த நிலையிலேயே விளக்காக எரியும் என்பதால் அதுவும் இதே பிரச்சினைக்கு நல்ல தீர்வுதான். ஈய அமில பெட்டரி போட்டவற்றை மட்டும் மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் போட்டு வைத்தால் பெட்டரி செத்துவிடும்.

நிறுத்தி வைக்கும்போது கவனிக்க வேண்டியவை

சூடு. கையில் பிடிக்கும்போது டோர்ச்சின் சூட்டை உள்ளங்கை இழுத்துக்கொள்ளும். மேசையில் தனியாக நிற்கும்போது அந்த உதவி இல்லை. 1000 லூமனுக்கு மேல் போகும் டோர்ச்சை முழு வெளிச்சத்தில் நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் உடம்பு சுடும், நல்ல டோர்ச் என்றால் தானாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், மலிவானது அப்படியே கொதிக்கும். பிளாஸ்டிக் கோப்பையைக் கவிழ்க்கிற வழி குறைந்த வெளிச்சத்துக்கு மட்டும்தான். எரிகிற டோர்ச்சைத் தலைகீழாக வைக்கக் கூடாது என்றதும் இதனால்தான். ஒளி வெளியே தெரியாது, அணைந்துவிட்டது என்று நினைப்போம், அடியில் மேசைத்துணி கருகும்.

சார்ஜ். 18650 என்ற பெட்டரி (18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம்) ஏறக்குறைய 9 முதல் 12 வாட்மணி வரை வைத்திருக்கும் (ஒரு வாட்மணி என்பது ஒரு வாட்டை ஒரு மணி நேரம் தரும் சக்தி). ஒரு வாட்டுக்கு 100 லூமன் என்று தோராயமாக வைத்தால் 300 லூமனில் மூன்று நான்கு மணி நேரம், 100 லூமனில் பத்து மணி நேரம் பக்கம். 13 மணி நேர மின்வெட்டைத் தாண்ட வேண்டுமானால் 70 லூமனில் எரிக்க வேண்டும். ஆகவே குறைந்த வெளிச்ச நிலை இல்லாத டோர்ச் எவ்வளவு அழகாக நின்றாலும் இரவு விளக்காகாது.

கண். தரையில் நிற்கும் டோர்ச்சின் ஒளி நேரே மேலே வருகிறது, தவழும் பிள்ளை எட்டிப் பார்க்கும் உயரமும் அதுதான். ஆளுயர அலுமாரியின் மேல் நிறுத்தினால் யார் கண்ணிலும் படாது, சீலிங்கும் கிட்டே வரும்.

அப்புறம் ஈசல். மழை விட்ட இரவில் மேலே பார்த்திருக்கும் கண்ணாடியில் ஈசல் வந்து விழுந்து இறகு உதிர்த்து மூடிவிடும், வெளிச்சம் பாதியாகக் குறையும். உயரத்தில் வைத்தாலும் வரும். பக்கத்தில் ஒரு துணி வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் நிற்கும்போது

1. கடைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் டோர்ச்சை எரியவிட்டு நட்டமாக வையுங்கள். பெட்டியை விரலால் தட்டுங்கள். ஆடி நின்றால் சரி, ஆடிக்கொண்டே இருந்தால் பொத்தான் வரம்பைத் தாண்டியிருக்கிறது.
2. நின்றபடியே அணைக்க முடிகிறதா பாருங்கள். பின்சுவிச் என்றால் தூக்கித்தான் அணைக்க வேண்டும், அது குறை அல்ல. ஆனால் நிற்கும்போது தானாக அழுந்தி அணைந்தால் வேண்டாம்.
3. கயிற்று ஓட்டை விளிம்பில் இருக்கட்டும். கயிற்றைக் கட்டிய பிறகும் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்.
4. குறைந்த வெளிச்ச நிலை இருக்கிறதா?

வீட்டில் ஏற்கெனவே இருப்பது நிற்காத டோர்ச் என்றால் அதை எறிய வேண்டாம். தயிர் முடிந்த மண் சட்டியைக் கழுவிக் காயவைத்து, முக்கால்வாசிக்கு உலர்ந்த மணலோ அரிசியோ நிரப்பி, டோர்ச்சின் பின்பக்கத்தை ஒரு சிறிய பொலித்தீன் பையில் சுற்றி மூன்று விரற்கடை ஆழத்துக்கு நடுங்கள். புடைத்த பொத்தானானால் எரியவிட்ட பிறகு நடுங்கள், நட்ட பிறகு அழுத்த முடியாது. சட்டியின் அடி அகலம், பாரம் முழுவதும் கீழே, மேசையில் கை பட்டாலும் அசையாது. மழைக்காலம் முடியும்வரை அந்தச் சட்டியை அலுமாரியின் மேலேயே விட்டுவிடலாம், கரண்ட் போனதும் இருட்டில் கை நீட்டினால் டோர்ச் அதே இடத்தில் இருக்கும்.